தொங்கு ரயில் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

கேள்வி: "ஜேர்மனியில் வூப்பர்டால் என்ற நகரத்தில் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. அதைப்போல ஒன்றைக் காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் மேலால் போட ஏலாதா? வீதி அகலிக்கத் தேவையில்லை, காணி எடுக்கத் தேவையில்லை, நெரிசலும் குறையும்தானே?"

பதில்: போட ஏலும். ஆனால் கேள்வியில் இருக்கிற இரண்டு "தேவையில்லை"யும் பிழை. ஏன் பிழை என்று விளங்க, அந்த ரயில் எப்படித் தொங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மோனோரெயிலில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கொங்கிறீற்று உத்தரத்தின் மேல் குதிரையில் ஏறினதுபோல ஏறி ஓடுவது. 2014இல் தொடங்கிய மும்பாய் மோனோரெயிலும் கோலாலம்பூரில் ஓடுவதும் அந்த வகை. மற்றது உத்தரத்துக்குக் கீழே தொங்குவது. நீங்கள் கேட்டது இந்த இரண்டாவது. இதற்குள்ளும் இரண்டு பிரிவு இருக்கிறது, அவற்றின் குணங்கள் ஒன்றல்ல.

பழையது வூப்பர்டால் முறை. ஒய்கன் லாங்கன் என்ற கொலோன் பொறியியலாளரின் திட்டம் அது. அவர் 1895இல் இறந்துவிட்டார், ரயில் 1901 மார்ச்சில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நீளம் 13.3 கிலோமீற்றர், 20 நிலையங்கள். அதில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வூப்பர் ஆற்றுக்கு மேலே 12 மீற்றர் உயரத்தில் போகிறது, மிச்சம் வீதிக்கு மேலே 8 மீற்றர் உயரத்தில். உருக்கு உத்தரத்தின் முதுகில் ஒற்றைத் தண்டவாளம். அதன் மேல் இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த உருக்குச் சில்லு. சில்லுச் சட்டத்திலிருந்து ஒரு வளைந்த கை, உத்தரத்தின் ஒரு பக்கத்தால் மட்டும் சுற்றிக் கீழே இறங்கிப் பெட்டியைப் பிடிக்கிறது. சில்லு மேலெழும்பித் தண்டவாளத்தை விட்டு விலகாதபடி, சட்டத்துக்கும் உத்தரத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள்.

மற்றது சஃபேஜ் முறை. பிரான்சில் 1960 அளவில் ஒரு பரீட்சார்த்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். பிரான்ஸ் அதை எடுக்கவில்லை, ஜப்பான் எடுத்தது. இதில் உத்தரம் வெறும் பெட்டி வடிவம், அடிப்பக்கத்தில் நீளத்துக்கு ஒரு பிளவு. சில்லுத்தொகுதி பெட்டிக்குள்ளேயே ஓடும்: எடை தாங்கும் ரப்பர் ரயர் நான்கு, பக்கச் சுவரில் உருண்டு வழிகாட்டும் சிறிய கிடைச் சில்லு நான்கு. ரயரில் காற்றுப் போனாலும் வண்டி சரியாமல் பிடிக்கத் துணைச் சில்லுகளும் இருக்கும். பிளவுக்குள்ளால் இறங்கும் தொங்குகையில் பயணிகள் பெட்டி. ஓடுபரப்பு முழுக்க மூடப்பட்டிருப்பதால் மழையும் பனியும் அதைத் தொடாது. ரயர் வழுக்காததால் ஏற்றமும் தாராளமாக ஏறும்: ஓபுனாவிலிருந்து எனோஷிமா வரை 6.6 கிலோமீற்றர் ஓடும் ஷோனான் மோனோரெயிலில் (1970இல் ஒரு பகுதி, 1971இல் முழுவதும் திறந்தது) 1000 மீற்றருக்கு 74 மீற்றர் ஏறும் இடம் உண்டு. சாதாரண உருக்குச் சில்லு ரயில் அந்த ஏற்றத்தில் மழைநாளில் திணறிப்போகும். உலகத்திலேயே நீளமான தொங்கு மோனோரெயிலும் இதே முறைதான்: ஜப்பானின் சீபா நகரம், 15.2 கிலோமீற்றர், 1988இல் தொடங்கியது.

ஜேர்மனியிலேயே பெட்டி உத்தர வகைக்கும் உதாரணம் இருக்கிறது. டோர்ட்முண்ட் பல்கலைக்கழக வளாகங்களை இணைக்கும் ஹா-பான் 1984இலிருந்து சாரதி இல்லாமல் ஓடுகிறது. டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் 2002இலிருந்து ஓடுகிற 2.5 கிலோமீற்றர் பாதை அதன் தம்பி. அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் சனம் பலர் இவற்றில் ஏறியிருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்: ஒன்று வளாகத்துக்குள், மற்றது விமான நிலையத்துக்குள். இரண்டும் கடைத்தெருவுக்கு மேலால் போகவில்லை.

இனி முக்கியமான விசயம், ஆட்டம். தொங்கும் பெட்டி வளைவில் வெளிப்பக்கமாகத் தானே சாயும். 100 மீற்றர் ஆரை உள்ள வளைவை மணிக்கு 50 கிலோமீற்றரில் எடுத்தால் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. இது உள்ளே இருப்பவருக்கு நல்லது. அவருக்குப் பக்கவாட்டில் தள்ளுவது தெரியாது, நிற்கிறவர் கம்பியைப் பிடிக்காமலே நிற்பார். வெளியே இருப்பதற்குத்தான் ஆபத்து. தொங்குபுள்ளியிலிருந்து பெட்டியின் அடித்தளம் மூன்றரை மீற்றர் கீழே என்று வைத்தால், அந்த 11 பாகைக்கு அடித்தளம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் விலகும். ஆட்டத்தை அடக்கத் தணிப்பானும், எல்லை தாண்டாமல் முட்டி நிறுத்தத் தடுப்பானும் வைப்பார்கள். இருந்தாலும் தூணுக்கும் பெட்டிக்கும் இடையில் அந்த விலகலுக்கு இடம் விட்டே ஆகவேண்டும்.

வளைவுச் சாய்வு வண்டியின் எடையைப் பொறுத்ததல்ல. நிரம்பின பெட்டியும் வெறும் பெட்டியும் ஒரே அளவுதான் சாயும். காற்று அப்படியில்லை. 12 மீற்றர் நீளம், 10 தொன் எடையுள்ள வெறும் பெட்டியில் மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் சாய்வு எட்டுப் பாகையளவு வரும். அதே பெட்டியில் 60 பேர் ஏறினால் ஐந்தரைப் பாகைக்கு இறங்கும். அதனால் கார்த்திகை, மார்கழியில் ஆபத்துக் கூடியது கடைசி ஓட்டம் முடிந்து பணிமனைக்கு வெறுமையாகத் திரும்புகிற வண்டிக்குத்தான். காற்றுமானி வைத்து, ஒரு வேகத்துக்கு மேல் வண்டியை மெதுவாக்கவும், இன்னொரு வேகத்துக்கு மேல் நிறுத்தவும் விதி எழுத வேண்டும். கடல் சூழ்ந்த, மலையே இல்லாத குடாநாட்டில் அந்த விதி ஆண்டுதோறும் வேலை செய்யும்.

இந்த இடைவெளிக் கணக்கை அலட்சியமாக எடுக்கக்கூடாது என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே பாடம் இருக்கிறது. கொங்கண் ரயில்வே கோவாவின் மட்கானில் 1.6 கிலோமீற்றர் "ஸ்கைபஸ்" பரீட்சார்த்தப் பாதை ஒன்றைப் போட்டது. 2004 செப்ரெம்பரில் சோதனை ஓட்டத்தின்போது பெட்டி தூணில் மோதி ஊழியர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு அது பயணிகளை ஏற்றவேயில்லை. பல ஆண்டுகள் சும்மா நின்று, கடைசியில் கழற்றப்பட்டது.

இப்போது அந்த 70 சென்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதிக்கு வருவோம். நடுவில் 1.2 மீற்றர் தடிப்பான தூண். ஒரு பக்கத்துக்கு மட்டும் கணக்குப் பாருங்கள்: தூணின் பாதி 0.6, பாதுகாப்பு இடைவெளி 0.4, உள்ளாட்டம் 0.7, பெட்டி அகலம் 2.5, வெளியாட்டம் 0.7. கூட்டினால் 4.9 மீற்றர். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 10 மீற்றர். அதற்கு வெளியே மாடிக் கடைகளின் பால்கனியும் விளம்பரப் பலகையும் தொடாமல், தீயணைப்பு ஏணி நிமிரவும் இடம் வேண்டும். பக்கத்துக்கு 2 மீற்றர் வைத்தால் 14 மீற்றர். கீழே தூணைச் சுற்றிக் கட்டும் தடுப்போடு வண்டிப் பாதையில் 2 மீற்றர் போய்விடும். கொக்குவிலிலோ இணுவிலிலோ மதிலும் மதிலும் நெருங்கி நிற்கிற இடத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஓரம் கட்டவேண்டியிருக்கிறது. நடுவில் தூண் வந்தால் வீதியை அகலித்தே ஆகவேண்டும். நடுவில் வேண்டாம், இரு கரையிலும் கால் ஊன்றி வளைவு கட்டுவோம் என்றால், கால் ஊன்றுவது மதிலுக்கு உள்ளே, ஒருவருடைய வளவில். வூப்பர்டாலில் அந்தக் கால்கள் ஆற்றின் கரைகளில் ஊன்றி நிற்கின்றன. அவர்களுக்கு ஆறே அகலமான வீதியாக அமைந்தது. எங்களிடம் ஆறு இல்லை, வழுக்கியாறும் மழைக்குத்தான்.

ஒற்றைப் பாதையாகப் போட்டால் அகலம் பாதியாகும் என்பது உண்மை. ஷோனானில் அப்படித்தான்: ஒற்றை உத்தரம், எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில் விலகிப் போகும். ஆனால் விலகும் இடத்தின் தூரம்தான் வண்டி இடைவெளியைத் தீர்மானிக்கும். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்றுக்குக் குறைப்பது கடினம். ஒரு வண்டி பிந்தினால் எதிரே வருவதும் பிந்தும்.

நிலையங்களுக்கும் காணி வேண்டும். இரண்டு பெட்டி வண்டிக்கே 25 மீற்றர் நீள மேடை, இரு பக்கமும் படி, இரு பக்கமும் மின்தூக்கி; அகலம் 18 மீற்றருக்குக் குறையாது. வளவு வாங்கத்தான் வேண்டும். வாங்கப் போனால் உரிமையாளர் ரொறன்ரோவில், உறுதி லண்டனில், வழக்கு மல்லாகத்தில்.

உயரத்தில் ஒரு நன்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மேலே ஏறி ஓடும் வகையில் வீதிக்கு மேல் ஐந்தரை மீற்றர் விட்டு, அதற்கு மேல் உத்தரம், அதற்கும் மேல் வண்டித் தரை. மேடை எட்டு மீற்றர் உயரத்துக்குப் போய்விடும், ஐம்பதுக்கு மேற்பட்ட படிகள். தொங்கும் வகையில் வண்டித் தரைதான் ஐந்தரை மீற்றரில் இருக்கும், 37 படி போதும். வயதானவர்களுக்கு இது சின்ன வித்தியாசமல்ல. ஆனால் தூண் அதற்குக் கூலி கொடுக்கிறது. ஐந்தரைக்கு மேல் பெட்டி, தொங்குகை, பெட்டி உத்தரம் எல்லாம் சேர, தூணின் தலை 11 மீற்றருக்குப் போகும். ஒரு பக்கம் மட்டும் வண்டி நிற்கும்போது 28 தொன், தூண் நடுவிலிருந்து 3 மீற்றர் தள்ளித் தொங்குகிறது. அடித்தளத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) ஏறத்தாழ 80 தொன்-மீற்றர், காற்று இதற்கு மேல்.

கோயில் வீதிகளில் அந்த ஐந்தரை மீற்றரும் போதாது. தேர் இழுக்கிறபோது மின்கம்பியைக் கழற்றி வழிவிடுகிற ஊர் இது. உத்தரத்தைக் கழற்ற முடியாது. தூக்குக்காவடி பூட்டின உழவு இயந்திரம் எந்த வீதியால் வரும் என்பதையும் பாதை வரைகிறவர் கோயில் கோயிலாகக் கேட்டு எழுதவேண்டும். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

அடுத்தது நிலம். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய செம்மண், அடியில் பாறை, அத்திவாரத்துக்கு நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரைந்து உள்ளே பொந்தும் குகையுமாக இருக்கும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கரைவின் வெளித்தெரியும் வாய்கள். ஒரு தூணுக்குக் கீழே கெட்டிப் பாறை, 30 மீற்றர் தள்ளி அடுத்த தூணுக்குக் கீழே ஆறு மீற்றரில் வெற்றிடம், இப்படி வரும். 12 கிலோமீற்றர் பாதைக்கு 30 மீற்றர் இடைவெளியில் 400 தூண். இடையிடையே துளைத்துப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிற வழக்கம் இங்கே சரிவராது. தூணுக்கு ஒரு துளையாவது வேண்டும், வெற்றிடம் கண்டால் சுற்றி இன்னும் நாலு.

பொந்து கண்டால் சீமெந்துக் குழம்பை அழுத்தி நிரப்புவது வழமையான மருந்து. இங்கே அது கவனமாகச் செய்யவேண்டிய வேலை. குழம்பு வெடிப்பு வழியே எங்கே போகும் என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. பக்கத்து வளவுக் கிணற்றின் ஊற்றை அடைத்தாலும் அடைக்கும். குடாநாடு குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்தப் பாறைக்குள் தங்கியிருக்கும் மழைத்தண்ணீரைத்தான். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இந்தப் பாறைக்குள் விட்டது விட்ட இடத்தில் நிற்காது. ஆகவே நிரப்புவதைவிட, பொந்தைத் தாண்டிக் கெட்டிப் பாறை வரை உருக்குக் குழாய் இறக்கி அதற்குள் கொங்கிறீற்று ஊற்றுவதே பாதுகாப்பு. செலவு கூடும்.

பெட்டி உத்தரம் பெரும்பாலும் உருக்குத் தகட்டில் செய்வது. பண்ணைக் கடலிலிருந்து உப்புக்காற்று அடிக்கிற ஊரில் உள்பக்கமும் வர்ணம் பூச வேண்டும். அந்த உள்பக்கம் ரயர் உருளும் இடம். இரவு மூன்று நான்கு மணித்தியாலம்தான் வேலைக்குக் கிடைக்கும். அடியில் பிளவு இருப்பதால் காகம் கூடு கட்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இரவு வேலை என்றதும் வூப்பர்டாலின் மிக மோசமான நாளைச் சொல்லவேண்டும். 1999 ஏப்ரல் 12 அதிகாலை, திருத்த வேலைக்காகப் பாதையில் பூட்டியிருந்த இரும்புக் கவ்வி ஒன்று கழற்றப்படாமல் கிடந்தது. காலை ஓடிய முதல் வண்டி அதில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், 47 பேர் காயம். நூறு ஆண்டுகளுக்குக் கிட்ட ஓடிய பாதையில் பயணிகள் இறந்த விபத்து அது ஒன்றுதான், அதுவும் தொங்குகிற முறையால் வந்ததல்ல. இரவு வேலை நடந்த பகுதியில் காலையில் ஆளில்லாத வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே பயணிகளை ஏற்றவேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுக்கவேண்டிய நடைமுறை. 2018 நவம்பரில் இன்னொன்று: மின்சாரம் ஊட்டும் தண்டவாளத்தில் 350 மீற்றரளவு கழன்று கீழே விழுந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் சேவை 2019 ஓகஸ்ற் வரை நின்றது. நில ரயிலில் கழன்ற ஆணி சல்லிக்குள் கிடக்கும். இங்கே அது கீழே போகிறவரின் தலையில்.

வண்டி நடுவழியில் நின்றால் என்ன செய்வது? இதுதான் தொங்கு ரயிலின் பலவீனமான இடம். நடைபாதை கிடையாது; கதவைத் திறந்தால் வெறும் வெளி. முதல் வழி, இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து தள்ளி அல்லது இழுத்து நிலையத்தில் சேர்ப்பது. இரண்டாவது, பக்கத்துப் பாதையில் வண்டியை ஒட்டி நிறுத்திப் பலகை போட்டு மாற்றுவது. மூன்றாவது, தீயணைப்பு ஏணி, அல்லது கயிற்றில் மெல்ல இறக்கும் கருவி. 2025 ஓகஸ்ற் 19 அன்று கடும் மழையில் மும்பாய் மோனோரெயில் நிலையங்களுக்கு இடையில் நின்றபோது 500க்கும் மேற்பட்டோரை ஏணி வைத்தே இறக்கினார்கள். காரணம் சின்னது: 104 தொன்னுக்கு வடிவமைத்த வண்டியில் 109 தொன்னளவு ஏறியதால் மின்தண்டவாளத்துக்கும் வண்டிக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போனது. எங்கள் பஸ்களில் மிதிபலகையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்த ஐந்து தொன் எப்படி ஏறியது என்று விளக்கத் தேவையில்லை. மின்வெட்டுக்கு வண்டியிலேயே பற்றரி வைத்து அடுத்த நிலையம் வரை ஊர்ந்து சேரச் செய்யலாம். 2022ஐக் கண்ட நாட்டில் அது கட்டாயம்.

பாதை பிரிகிற இடமும் இலேசில்லை. சாதாரண ரயிலில் இரண்டு நாக்குகளைத் தள்ளினால் தடம் மாறும். பெட்டி உத்தரத்தில், பிரிகிற இடத்தில் ஒரு பக்கத்துக்கு ஓடுதளம் வேண்டும், மற்றப் பக்கத்தில் தொங்குகை போகப் பிளவு வேண்டும். ஆகவே தொன் கணக்கான உருக்குத் துண்டை உள்ளே நகர்த்திப் பூட்டவேண்டும். வூப்பர்டாலில் இந்தத் தலையிடியைத் தவிர்க்கவே இரண்டு முனையிலும் வளையம் வைத்து வண்டியைத் திருப்புகிறார்கள். வளையத்துக்கு அகலமான காணி வேண்டும். இங்கே பணிமனையையும் வளையத்தையும் நாவற்குழிப் பக்கம்தான் யோசிக்கலாம்.

நெரிசல் குறையுமா? 160 பேர் ஏறும் வண்டி மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் ஒரு திசையில் மணிக்கு 3200 பேர். அதையே 60 பேர் ஏறும் பஸ் 53 கொண்டு செய்யலாம், நிமிடத்துக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. முழு மாவட்டத்திலும் ஏறக்குறைய ஆறு இலட்சம் சனம், அதுவும் தீவகம், வடமராட்சி, தென்மராட்சி என்று பரந்து கிடக்கிறது. காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் பள்ளிக்கூடச் சனம் நிரம்பும். பத்து மணிக்குப் பிறகு வெறும் பெட்டி ஓடும். வூப்பர்டால் நீண்டு ஒடுங்கிய பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மேடு, நடுவில் ஆறு, ஆற்றோரம் முழு நகரமும். ஒரே கோடு எல்லாரையும் தொடும். யாழ்ப்பாணம் சமதரை, ஒழுங்கைகள் எல்லாத் திசைக்கும் விரிகின்றன, வீட்டுக்கொரு மோட்டார்சைக்கிள். எந்தக் கோடு போட்டாலும் முக்கால்வாசிப் பேர் வெளியே நிற்பார்கள்.

என்னிடம் பணம் தந்து இந்தக் கோட்டில் செலவழிக்கச் சொன்னால் ஏற்கெனவே கிடக்கிற தண்டவாளத்தில் செலவழிப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வரை பாதை போகிறது. 2015 ஜனவரியில் மீண்டும் திறந்தது. நீங்கள் தொங்கு ரயில் கேட்கிற அதே கோடு. ஒற்றைப் பாதையில் விலகும் இடம் ஒன்றிரண்டு கூட்டி, கடவைகளுக்கு ஒழுங்கான படலை போட்டு, இரண்டு பெட்டி ரயில் பஸ்ஸை அரை மணிக்கு ஒன்று ஓட்டுவது தூண் நடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. கொழும்பிலேயே முதலில் மோனோரெயில் என்று கதைத்து, பிறகு ஜப்பான் கடனில் இலகு ரயில் என்று மாற்றி, 2020இல் அதையும் இரத்துச் செய்தார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

தொங்கு ரயில் நன்றாகப் பொருந்தும் இடம் வேறு. மலைச்சரிவு, ஆற்றுப் பள்ளத்தாக்கு, வளாகம், விமான நிலையம், அல்லது சீனாவின் வூஹானில் 2023இல் திறந்த 10.5 கிலோமீற்றர் பாதைபோல, கண்ணாடித் தரை வைத்துச் சுற்றுலாக்காரரை ஏற்றுவது.

எப்படியும் நாளைக்கு ஒரு நிறுவனம் வர்ணப் படத்தோடு மாநகரசபைக்கு வரும். வந்தால் மூன்று தாள் கேளுங்கள். ஒன்று, பாதையின் மிக ஒடுங்கிய இடத்தில் வண்டி இரு பக்கமும் முழுதாய்ச் சாய்ந்த நிலையில், மதிலும் மாடியும் சேர்த்து வரைந்த குறுக்குவெட்டு. இரண்டு, நடுவழியில் நின்ற நிரம்பிய வண்டியை எத்தனை நிமிடத்தில், எங்கள் தீயணைப்புப் பிரிவிடம் உள்ள எந்த ஏணியால் இறக்குவார்கள் என்ற திட்டம். மூன்று, உதிரிப்பாகப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு யாரிடம் வாங்கலாம் என்ற பெயரோடு. இந்த மூன்றாவதைச் சின்னதாக நினைக்கக்கூடாது. சொந்தப் பொறியியலாளரும் பணிமனையும் நூற்றாண்டு அனுபவமும் உள்ள வூப்பர்டாலிலேயே, புதிய வண்டிகளின் சில்லுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்ததால் 2020 ஓகஸ்ற்றிலிருந்து ஓராண்டளவு வார இறுதிகளில் மட்டும்தான் ஓட்டினார்கள். தோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிச்சாலையில் 1957இலிருந்து ஓடிய குட்டித் தொங்கு ரயில் 2019இல் நின்றது. வண்டி பழசாகிவிட்டது, அந்த ஒரு பாதைக்கென்று புதிதாகச் செய்விக்கச் செலவு அதிகம். பட்டியலில் "எங்களிடம் மட்டும்" என்று எத்தனை வரி வருகிறது என்று எண்ணிவிட்டு, அந்தப் பாகங்களைப் பத்து ஆண்டுக்குச் சேர்த்து வாங்கிக் களஞ்சியத்தில் வைக்க ஆகும் தொகையை விலைமனுவில் கூட்டச் சொல்லுங்கள்.